கிளெண்டா ஸ்டேதர் தன் ஊரைப் பற்றிச் சொன்னது

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கை இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் ஹல் நகரத்துக் காக்கையாக இருக்க முடியாது. எங்கள் ஊர்க் காக்கை, யாரும் கேட்பதற்கு முன்பே தன் குஞ்சு கறுப்பு, மூக்கு கோணல் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இதவிட நல்லதா வேற எங்கயாச்சும் கெடைக்கும், போய்ப் பாருங்க" என்று வழியும் காட்டும். இதற்கு அடக்கம் என்று நாங்களே ஒரு பேர் வைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியூர்க்காரன் அதையே திருப்பிச் சொன்னால் மட்டும் சட்டைக் கையை மடித்துவிடுவோம்.

இந்த வித்தையில் கிளெண்டா ஸ்டேதர் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள். எனக்கு அவளைப் பல வருடமாகத் தெரியும். என் பேர் ரே. நான் டாக்சி ஆபீசில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து கார்களை அனுப்புகிறவன். அவள் எங்கள் கார்களில் ஒன்றை ஓட்டுகிறவள். அவள் வீட்டுக்கு எதிர்வீடுதான் என் வீடு. ரயில் நிலையத்தில் யாராவது பெட்டியோடு வந்து ஏறினால் அவளுடைய முதல் வார்த்தை இதுதான்: "ரயில் இதுக்கு மேல போகாது, அதனாலதானே இங்க எறங்கிட்டீங்க கண்ணு?" ஏறியவர் எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் சிரிப்பார். "ஆமாம்மா, தூங்கிட்டேன்" என்பார். ஊருக்குத் திரும்பி வந்த சந்தோஷம் இரண்டு பேருக்கும் அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் பேசினால் அழுகை வந்து தொலைக்கும் என்று எங்களுக்குப் பயம்.

அவள் பிறந்தது ஆற்றுக்கு மேற்கே, மீனவர் தெருக்களில். அப்பா மீன்பிடிக் கப்பலில் ஐஸ்லாந்துப் பக்கம் போய்விட்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். பள்ளிக்கூடம் முடித்ததும் மீன் தொழிற்சாலையில் வேலை. அதற்குப் பிறகு ஆற்றைத் தாண்டிக் கிழக்கே கல்யாணம் செய்துகொண்டாள். மேற்கேயும் கிழக்கேயும் ஆளுக்கொரு ரக்பி அணி இருக்கிற ஊரில் அது லேசுப்பட்ட காரியமில்லை. அவள் அண்ணன் ரொம்ப நாள் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உலகப் போர்க் காலத்தில் ஊர் முழுக்கக் குண்டு விழுந்தபோது, ரேடியோவில் "வடகிழக்குக் கடற்கரையில் ஓர் ஊர்" என்று மட்டும் சொல்வார்களாம், பேரைச் சொல்ல மாட்டார்களாம். அப்போது சிறுமியாக, இடிபாட்டிலிருந்து தூக்கி எடுக்கப்பட்ட அவளுடைய அம்மா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "நம்மளத்தான் சொல்றாங்க போல" என்றாளாம். இதைக் கிளெண்டா ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லுவாள். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்ததே இல்லை.

அவள் புருஷன் பேரி, கேரவன் வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தெரு கிளப்பில் பிங்கோ நடக்கும், கூப்பிடுகிற எண் தன் அட்டையில் இருந்தால் அடிக்கிற ஆட்டம். எண்களைக் கூப்பிடுகிறவன் அவன்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். பாட்டு மாதிரி இழுத்துக் கூப்பிடுவான். ஜெயிக்காதவர்கள்கூட அவன் குரலைக் கேட்கத்தான் வருகிறோம் என்பார்கள்.

எங்கள் தெருமுனையில் அரசாங்கத் திட்டத்தில் பல் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. வயதான டாக்டர் ஓய்வு எடுத்துக்கொண்டு போனார்; அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மரியன் என்கிற வரவேற்புக்காரி மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வந்து, போன் எடுத்து, "டாக்டர் இல்லம்மா", "டாக்டர் இல்லய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரில் வேறெந்தப் பல் ஆஸ்பத்திரியிலும் புதிதாக நோயாளிகளைச் சேர்க்கவில்லை. தனியார் டாக்டரிடம் போக எங்கள் தெருவில் யாருக்கு வக்கிருக்கிறது? என் பக்கத்து வீட்டுக் கோலின், கழன்று விழுந்த செயற்கைப் பல்லை மரம் ஒட்டுகிற பசையால் ஒட்டிக்கொண்டான். இரண்டு நாள் வாயைத் திறக்க முடியவில்லை. அவன் பெண்டாட்டி அதை நல்ல விடுமுறை என்றாள்.

பேரி சிரிப்புக்கு இடம் வைக்கவில்லை. கடைவாய்ப் பல் வலி பொறுக்காமல் தோட்டத்துக் கொட்டகைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, குறடு வைத்துத் தானே பிடுங்கினான். பல் பாதியில் உடைந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது. கன்னம் வீங்கும், வடியும், திரும்ப வீங்கும். மாத்திரை தின்றால் ஒரு வாரம் அடங்கும். மசித்த உருளைக்கிழங்கும் குழம்பும்தான் சாப்பாடு. பிங்கோ கூப்பிடுவதை விட்டான். கிளப்புக்கு வந்தாலும் ஓரத்தில் உட்கார்ந்து வாயைக் கையால் மூடிக்கொண்டிருப்பான். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும், "பரவாயில்ல, கொறை சொல்ல ஒண்ணுமில்ல" என்பான். எங்கள் ஆட்கள் சாகிறபோதும் அப்படித்தான் சொல்லிவிட்டுச் சாவார்கள்.

இப்படி இருக்கிறபோது ஒரு ஞாயிறு மரியன் கிளப்புக்குள் ஓடி வந்தாள்.

"ஒரு லேடி டாக்டர் கெடச்சிருக்காங்க! வெளிநாட்டுக்காரங்க, பர்மிங்ஹாம்ல இருக்காங்க. அடுத்த மாசம் நேர்ல வந்து பேசறேன்னு சொல்லியிருக்காங்க. ஊரு பிடிச்சிருந்தா வந்துடுவாங்களாம்."

"ஊரு பிடிச்சிருந்தாவா? அப்ப கெட்டுது போ," என்றான் கோலின்.

"வாயக் கழுவு! அவங்க வர்ற அன்னிக்கு எல்லாரும் கொஞ்சம் சிரிச்ச மொகமா நாலு நல்ல வார்த்த சொல்லுங்க. உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"நான் ஸ்டேஷன்லேருந்து முதுகுல தூக்கிட்டு வர்றேன் மரியன், நீ கவலப்படாத," என்றாள் கிளெண்டா. பேரியின் முட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். "யோவ், கேட்டியா? உனக்கு விடிவு காலம்தான்யா." பேரி கையை எடுக்காமல் கண்ணால் சிரித்தான். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை.

இனி நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது வெறும் போன் எடுத்த பங்கு. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக் காலை ஒரு பெண் கூப்பிட்டாள். கார்வாலோ என்று பேர் சொன்னாள். புருஷனும் சின்னப் பெண்குழந்தையும் கூட இருக்கிறார்கள், ரயிலில் வந்து இறங்கியிருக்கிறோம், மத்தியானம் வரைக்கும் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு கார் வேண்டும் என்றாள். இருக்கிறதிலேயே நல்ல ஓட்டுநரை அனுப்புவோம் என்று கிளெண்டாவை அனுப்பினேன். டாக்டர் அடுத்த மாதம்தானே வருகிறாள்? தனியாக, பெரிய தோரணையோடு வருவாள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். ஏறியதோ, மழைக்கோட்டும் சேறு பிடித்த செருப்புமாக ஒரு சின்னப் பெண். வேலை விஷயமாக இங்கே வரலாமா என்று யோசிக்கிறோம், அதனால்தான் யாருக்கும் சொல்லாமல் வந்து பார்க்கிறோம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். என்ன வேலை என்று கிளெண்டா கேட்கவில்லை. முன்பின் தெரியாதவரிடம் அதைக் கேட்பது எங்கள் ஊரில் மூக்கை நுழைப்பது.

காரில் நடந்ததைக் கிளெண்டா எனக்குப் பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். ஏறி உட்கார்ந்த உடனேயே அந்தப் பெண் நேராகக் கேட்டிருக்கிறாள்.

"நீங்க இந்த ஊர்க்காரங்களா? சொல்லுங்க, இது வாழறதுக்கு நல்ல ஊரா?"

இப்படி முகத்துக்கு நேரே ஒருத்தர் கேட்டால் நாங்கள் என்ன செய்வது? எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"வாழறதுக்கா? ஜெயிலுக்கு இது தேவல கண்ணு," என்றாள் கிளெண்டா.

"வெயில் காலம் எப்படி இருக்கும்?" என்று புருஷன் கேட்டான்.

"வெயில் காலமா? போன வருசம் ஒரு செவ்வாக்கிழம வந்துச்சு."

பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டார்கள். "அதோ அந்தப் பள்ளிக்கூடத்துலதான் நான் படிச்சேன். என்னப் பாத்தா தெரியல?" என்றாள். ஹம்பர் கழிமுகத்தைக் காட்டி, "தண்ணி ஏன் பழுப்பா இருக்குன்னு கேக்காதீங்க, எங்களுக்கும் தெரியாது" என்றாள். ஊருக்கு நடுவே ஓடுகிற ஆற்றில் படகு வந்ததால் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். கார்கள் எல்லாம் வரிசையாக நின்றன. குழந்தை இருக்கையில் ஏறி நின்று கை தட்டியது. கிளெண்டா மீட்டரை அணைத்துவிட்டு, குழந்தைக்கு மாலுமிக்குக் கை காட்டச் சொல்லிக் கொடுத்தாள். மாலுமியும் திருப்பிக் கை காட்டினான். இத்தனையும் செய்துகொண்டே வாய் சும்மா இருக்கவில்லை. "இங்க எல்லாத்துக்கும் லேட்டுதான். கல்யாணத்துக்கும் லேட்டு, சாவுக்கும் லேட்டு."

மத்தியானம் எங்கள் பக்கத்து வறுவல் கடைக்குக் கூட்டிப் போனாள். மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு வடையை ரொட்டிக்குள் வைத்து, மேலே சிவப்பு மசாலாத் தூள் தூவி, மூன்று பேருக்கும் வாங்கிக் கொடுத்தாள். அவர்கள் பையைத் திறந்தபோது அந்தக் கையைப் பிடித்து மூடினாள். "விருந்தாளிக்கிட்ட காசு வாங்கினா எங்கம்மா எந்திரிச்சு வந்துருவா. சாப்பிடுங்க. ஆனா உயிருக்கு நான் பொறுப்பில்ல." கை முழுக்க அன்பு, வாய் முழுக்க வேம்பு. எங்கள் ஊரில் பிறந்தவன் கையைப் பார்த்துப் புரிந்துகொள்வான், வாயை விட்டுவிடுவான்.

திரும்ப ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டபோது அந்தப் பெண் கார் ஜன்னலுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நீங்க எங்ககிட்ட ரொம்பப் பிரியமா நடந்துக்கிட்டீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் உங்க பொண்ணா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அதுதான் கிளெண்டாவுக்குத் தாங்கவில்லை. கூச்சம் வந்துவிட்டது. கூச்சம் வந்தால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள்.

"அடுத்த ரயிலப் பிடிச்சு ஓடிப் போயிரு மகளேன்னு சொல்லுவேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர்கள் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் ஆபீசுக்கு வந்த கிளெண்டா தேநீரை ஊதிக்கொண்டே, "நல்ல புள்ளைங்க ரே. பாவம், சிரிக்கத்தான் தெரியல" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த வாரமே கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை மரியன் கிளப்புக்கு வந்தபோது கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வரல. டாக்டர் வரல. லிங்கன் ஊருக்குப் போறாங்களாம்."

"நேர்லயே வரலியே, அதுக்குள்ள எப்படி?" என்றான் கோலின்.

"வந்திருக்காங்கப்பா! நமக்குத் தெரியாம, குடும்பத்தோட ஒரு சனிக்கிழம வந்து ஒரு டாக்சியில சுத்திப் பாத்திருக்காங்க. அந்த டிரைவர் சொல்லிட்டாராம், இங்க இருக்காதீங்க, அடுத்த ரயில்ல ஓடிப் போயிருங்கன்னு. ஊருக்குள்ளயே பொறந்தவங்க சொல்லும்போது நான் எப்படிம்மா வர்றதுன்னு என்கிட்டயே கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

கிளெண்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த கிளாசை மேசையில் வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுற்றிலும் ஏச்சு கிளம்பியது. யாருடா அந்த டிரைவர், அவன் வாயில் புழு வைக்க, அவனைக் கட்டி வைத்து ஒவ்வொரு பல்லாகப் பிடுங்க வேண்டும் என்று ஆளாளுக்கு. கோலின் என் பக்கம் திரும்பினான். "ஏன் ரே, உங்க ஆபீஸ் வண்டியா?"

நான் கிளெண்டாவைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"நம்ம வண்டியா இருக்காது. ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறானுங்களே, அந்தப் பயலுக எவனாச்சும் இருப்பான். அவனுங்க வாயில நல்ல வார்த்தயே வராது. எவனா இருந்தாலும் சரி, அவன் வெளங்கவே மாட்டான்!"

எல்லோரையும்விடச் சத்தமாக அவள் குரல்தான் கேட்டது. ஸ்டேஷன் வாசலில் நிற்கிற பாவப்பட்டவர்களுக்கு இது தெரியாது. பேரி, வாயை மூடியிருந்த கையை எடுத்து, அவள் கையைப் பிடித்து ஆறுதலாக அழுத்தினான். தன் பல்லுக்காகத்தான் அவள் இவ்வளவு கோபப்படுகிறாள் என்று நினைத்தான். அவள் அந்தப் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு, தலை வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆபீசுக்கு வந்தவள் கார்ச் சாவியை எடுக்கவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்றாள். இரவு தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"அந்தப் பொண்ணு நம்பர் உன்கிட்ட இருக்குல்ல? போட்டுக் குடு ரே."

"என்ன சொல்லப் போற?"

"நெசத்தச் சொல்லப் போறேன். வேற என்ன? நீ எந்திரிச்சுப் போகாத, இங்கயே இரு."

போனை நடுவில் வைத்து இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி போட்டேன். அந்தப் பெண் பேர் இனேஸ், போர்ச்சுகல்காரி. கிளெண்டா என்று கேட்டதுமே குரலில் சந்தோஷம்.

"கிளெண்டா! என் பொண்ணு இன்னும் அந்தப் படகப் பத்தியே பேசிட்டிருக்கா. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்மா. டாக்டரம்மா... நான் அன்னிக்கு சொன்னத அப்படியே எடுத்துக்கக் கூடாது. இந்த ஊரு வந்து... அவ்வளவு மோசமில்ல."

எங்கள் பாஷையில் இதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. ஆனால் போர்ச்சுகல்காரிக்கு அது எப்படித் தெரியும்? நான் கையை ஆட்டி, இன்னும் சொல்லு, நல்லா இருக்குன்னு சொல்லு என்று சைகை காட்டினேன். அவள் முகம் சிவந்தது. என்னைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பூங்கா இருக்கு. பூங்கா நல்லாருக்கும். அதாவது, மழை பெய்யலன்னா. வீடு மலிவு. அது ஏன் மலிவுன்னு கேட்டா... சரி, அத விடுங்க. மனுசங்க நல்லவங்கம்மா. வாய்தான் கொஞ்சம்..."

ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் பின்னாலேயே ஒரு வாலை ஒட்டினாள். வேண்டுமென்று செய்யவில்லை. அறுபது வயசுக்கு மேல் நாக்கு பழகிய வழியில்தானே போகும்? எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

இனேஸ் கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டாள்.

"கிளெண்டா, அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

"அன்னிக்கு சொன்னது தமாசும்மா."

"எனக்கு ரெண்டு ஊர்ல வேல கெடச்சிருந்துது. உங்க ஆஸ்பத்திரியில போன்ல ரொம்பப் புகழ்ந்தாங்க; அவங்களுக்கு ஆள் வேணும், புகழத்தான் செய்வாங்க. நீங்க ஒருத்தங்கதான் எங்ககிட்ட எதையும் எதிர்பாக்கல. சாப்பாட்டுக்குக்கூடக் காசு வாங்கல. இவ்வளவு நல்லவங்க நம்மகிட்டப் பொய் சொல்ல மாட்டாங்கன்னு நானும் என் புருசன் ரூயியும் பேசிக்கிட்டோம். எங்க நாட்டுல யாரும் சொந்த ஊர விட்டுக்குடுக்க மாட்டாங்க. ஒருத்தங்க சொந்த ஊரையே மோசம்னு சொன்னா, அது சொல்றதவிடப் பல மடங்கு மோசமாத்தான் இருக்கும்."

கிளெண்டா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"லிங்கன்ல கையெழுத்துப் போட்டாச்சு. பொண்ணுக்குப் பள்ளிக்கூடமும் கெடச்சிருச்சு. என்ன மன்னிச்சுருங்க." அவள் மன்னிப்புக் கேட்டாள், இவளிடம். பிறகு குரல் மாறிக் கேட்டாள்: "கிளெண்டா, உங்க வீட்டுல யாருக்காவது பல்லு தொந்தரவா? அதுக்காகத்தான் கூப்பிட்டீங்களா? இருந்தா சொல்லுங்க, லிங்கனுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் எப்படியாவது பாக்கறேன்."

நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். சொல்லுடி, பேரியின் பேரைச் சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன்.

"அதெல்லாம் இல்லம்மா. நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்," என்றாள் கிளெண்டா. "நீங்க நல்லாருங்க. கொழந்தையக் கேட்டதாச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டாள்.

"அடிப்பாவி!" என்று நான் கத்தியேவிட்டேன். "வெத்தல பாக்கு வெச்சு அழைக்காத கொறதான்! அவங்களே வாயத் தொறந்து கேட்டாங்களேடி!"

"எப்படிக் கேக்கச் சொல்ற ரே? ஓட வெச்சவளே நான். ஓட வெச்சுட்டு, என் புருசனுக்கு மட்டும் பாருங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

நான் திரும்ப எண்ணைப் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்று முழுக்க அவள் கார் ஓட்டினாள். ஏறியவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று இரண்டு பேர் போன் செய்து, அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார்கள்.

அந்த வாரம் பேரியின் கன்னம் மறுபடி வீங்கியது. கழுத்து வரைக்கும் இறங்கியது. ஞாயிறன்று வேண்டாம் என்றவனை, நாலு பேரைப் பார்த்தால் நல்லது என்று நான்தான் கிளப்புக்குக் கூட்டி வந்தேன். கழுத்துத் துண்டால் தாடையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஸ்டேஷன் வாசல் டிரைவர்களைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இனிமேல் அந்தப் பயல்கள் வண்டியில் ஏறக் கூடாது என்று கோலின் ஒரு கட்சியே கட்டிக்கொண்டிருந்தான். பிங்கோ ஆரம்பிக்கிற நேரம். கிளெண்டா எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்க. அந்த டாக்சி டிரைவர் நான்தான்."

கோலின் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"நான்தான் சொன்னேன். போன வாரம் நானும் உங்ககூட சேந்து திட்டுனேன். அந்தப் பயலுக மேல பழியப் போட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு. அவ்வளவுதான்."

கோலின்தான் முதலில் மூச்சு விட்டான். அவள்மேல் அவனுக்கு உண்மையிலேயே பாசம் உண்டு.

"அட, விடு கிளெண்டா. நீ என்ன இல்லாததையா சொல்லிட்ட? உள்ளதத்தானே சொன்ன!"

கிளப்பே சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், மன்னித்துவிட்டோம், உட்கார் என்கிற சிரிப்பு. யாரோ அவளுக்கு ஒரு கிளாஸ் கொண்டு வந்து வைத்தார்கள். மரியன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் உட்காரவில்லை.

"இல்ல கோலின். நான் சொன்னது பொய். இது நல்ல ஊரு. எனக்கு இங்க இருக்கப் பிடிக்கும். எப்பவுமே பிடிச்சிருந்துது."

எங்கள் கூட்டத்தில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தனை பேரும் அவள் துணியில்லாமல் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். கோலின் பீர் கிளாசின் அடியைத் திருப்பிப் பார்த்தான். எண் கூப்பிட வந்திருந்த புதுப் பையன் தொண்டையைக் கனைத்து முதல் எண்ணைச் சொன்னான். எல்லோரும் பெரிய நிம்மதியோடு அட்டையைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தர் அவளைத் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை.

வீட்டுக்குப் போகிறபோது அவள் ஓட்டினாள், பேரி பக்கத்தில், நான் பின்னால். தெரு திரும்புகிற இடத்தில் பேரி துண்டை இறக்கிவிட்டுக் கேட்டான்.

"அங்க சொன்னியே, பிடிக்கும்னு. அது நெசமா?"

"நெசந்தான்."

"இத அந்தப் பொண்ணுகிட்டச் சொல்றதுக்கு என்னடி?"

"சொல்ல வெக்கமா இருந்துதுய்யா."

"ஊர நெனச்சா?"

"இல்ல. பிடிக்கும்னு சொல்றதுக்கு."

அவள் பிறகு இன்னொன்றும் சொன்னாள். போன் செய்ததை, லிங்கனுக்குக் கூட்டி வா என்று இனேஸ் கேட்டதை, நாங்கள் எல்லோரும் நல்லாத்தான் இருக்கோம் என்று தான் சொல்லிவிட்டு வைத்ததை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எதையும் குறைக்காமல் சொன்னாள். வீடு வந்துவிட்டது. காரை நிறுத்தினாள். யாரும் இறங்கவில்லை.

பேரி அவளைத் திட்டுவான் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் வழக்கம்போல, பரவாயில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை என்பான் என்று நினைத்தேன். அவன் வீங்கிய கன்னத்தோடு அவள் பக்கம் திரும்பினான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"வலிக்குது கிளெண்டா," என்றான். "ரொம்ப வலிக்குதுடி."